சில்லி (கொத்துக்கறியும் தக்காளியும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் அமெரிக்கக் குழம்பு) செய்யும்போது டப்பா ராஜ்மாவைக் கழுவ வேண்டுமா? எப்போது சேர்ப்பது?

கழுவிவிடுங்கள். டப்பாவில் இருக்கும் கொழகொழ நீர், ராஜ்மாவிலிருந்து இறங்கிய மாவுச்சத்தும் உப்பும்தான். வடிகட்டிக் குழாயடியில் அலசினால் உப்பு சுமார் 40 சதவீதம் குறையும். (டெக்சாஸ்காரர்களிடம் கேட்டால், சில்லியில் ராஜ்மாவே கூடாது என்பார்கள். அது வேறு சண்டை.)

டப்பாவில் வருவது ஏற்கெனவே வெந்தது. அதனால் கொத்துக்கறி, தக்காளி, சீரகம், மிளகாய்த்தூள் எல்லாம் ஒரு மணி நேரம் கொதித்துச் சேர்ந்த பிறகு, கடைசி 20–30 நிமிடத்தில் போட்டால் போதும். முதலிலேயே போட்டால் தோல் பிரிந்து, கரண்டி பட்டதெல்லாம் கூழாகிவிடும். ஆனால் ஒரு கைப்பிடியை மட்டும் நான் வேண்டுமென்றே மசித்துப் போடுவேன்; தண்ணீராக நிற்கும் சில்லி கெட்டிப்படும். அரைக் கிலோ கறிக்கு 425 கிராம் டப்பா இரண்டு சரியாக இருக்கும். அப்புறம், உப்பை ராஜ்மா போட்ட பிறகு ருசி பார்த்தே சேருங்கள்.