சீன மொழி படிக்க எந்த ஊர், எந்த கோர்ஸ்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் பி.காம் முடிச்சிட்டு மெஷின் இம்போர்ட் பண்ற ஒரு கம்பெனில இருக்கேன். ஆன்லைன்ல படிச்சு சீன மொழித் தேர்வான ஹெச்எஸ்கே-ல 2-ம் நிலை பாஸ் பண்ணிட்டேன். ஒரு வருஷம் சீனாவுக்கே போய் படிக்கலாம்னு ஆசை. ஏஜென்ட் ஒருத்தர் ரேங்க் லிஸ்ட் காட்டி பெய்ஜிங், ஷாங்காய்னு பெரிய பேரா அடுக்குறார். ஃப்ரெண்ட் தைவான் போடாங்கறான். எதை வச்சு முடிவு பண்றது? – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, முதல்ல அந்த ரேங்க் லிஸ்ட்டை மடிச்சு வைங்க. அது ஆராய்ச்சி, இன்ஜினியரிங் எல்லாம் பார்த்து போடறது, மொழி வகுப்பு எப்படி நடக்குதுன்னு அதுல ஒரு வரி இருக்காது. நீங்க கேக்க வேண்டியது, வகுப்பு முடிஞ்சு வெளில வந்த பிறகு நான் யாரோட எந்த மொழில பேசிட்டு இருப்பேன்ங்கறது தான். சீன யுனிவர்சிட்டிகள்ல ஒரு வருஷ மொழி கோர்ஸ்னா பெரும்பாலும் காலைல மட்டும் வகுப்பு, வாரத்துக்கு 20 பீரியட் கிட்ட வரும், மதியத்துக்கு மேல உங்க நேரம் உங்க கைல. ஆனா வெளிநாட்டு பசங்களுக்குன்னு தனி ஹாஸ்டல் கட்டிடம் வச்சிருப்பாங்க, அங்க கொரியா, தாய்லாந்து, கஜகஸ்தான்னு எல்லா ஊர் பசங்களும் இருப்பாங்க, எல்லாரும் பேசிக்கறது இங்கிலீஷ், இதோட நம்ம பசங்க நாலு பேர் சேர்ந்துட்டா சாயங்காலம் முழுக்க தமிழ்லயும் இந்திலயும் போயிடும், வருஷக் கடைசில ஹெச்எஸ்கே 4 சர்டிஃபிகேட் இருக்கும் ஆனா டாக்ஸி டிரைவர் பேசறது புரியாது. ரொம்ப வருத்தமான விஷயம் இது, அவ்வளவு செலவு பண்ணிட்டு.

பெய்ஜிங் மொழி கலாசாரப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கோங்க. 1962-ல வெளிநாட்டவருக்கு சீன மொழி சொல்லித்தரவே ஆரம்பிச்சது, பாடம் நடத்தறதுல பழுத்த அனுபவம், ஹெச்எஸ்கே பாடப்புத்தகம் கூட அவங்க பிரஸ்ல அச்சானது தான். ஆனா அது இருக்கற வூதாவ்கோ ஏரியா முழுக்க வெளிநாட்டு மாணவர் கூட்டம், தானா சீன மொழி வந்து ஒட்டிக்கும்னு நம்பி போகக்கூடாது. இதுக்கு நேரெதிர் 1993-ல ஆரம்பிச்ச பிரின்ஸ்டன் இன் பெய்ஜிங்ங்கற கோடைகால கோர்ஸ், அங்க சேரும்போதே இனிமே சீன மொழி மட்டும் தான் பேசுவேன்னு கையெழுத்து போட்டுக் கொடுக்கணும். நம்ம பட்ஜெட்டுக்கு அது எட்டாது, ஆனா அந்த விதியை நீங்களே உங்களுக்கு போட்டுக்கலாம், காசு கிடையாது. ஏஜென்ட்ட விட்டுட்டு யுனிவர்சிட்டிக்கே மெயில் போட்டு கேளுங்க: ஒரு வகுப்புல எத்தனை பேர், சீன ரூம்மேட் கிடைப்பாங்களா, இல்லைனா வெளில சீன வீட்டுல தங்க விடுவீங்களா, மதியம் பேச்சுத்துணைக்கு ஒரு சீன மாணவரை சேர்த்து விடுவீங்களா. இதுக்கு நேரா பதில் சொல்ற இடம் தான் நல்ல இடம், அது சின்ன ஊரா இருந்தாலும் சரி.

ஊர்னு பார்த்தா நான் சீனாவோட வடகிழக்குல இருக்கற ஹார்பினுக்கு ஓட்டு போடுவேன். அங்க தெருவுல பேசறதே டிவி நியூஸ் உச்சரிப்புக்கு ரொம்ப பக்கத்துல இருக்கும். செங்தூல சிச்சுவான் பேச்சு, ஷாங்காய்ல பெரியவங்க ஷாங்காய் பேச்சு, ஆரம்பத்துல காது குழம்பும். ஹார்பின் குளிருக்கு பயப்படாதீங்க, ஜனவரில மைனஸ் 20 போகும் தான், ஆனா வடக்குல கட்டிடம் முழுக்க அரசாங்கமே ஹீட்டிங் கொடுக்குது, உள்ள டிஷர்ட் போட்டுட்டு இருக்கலாம். யாங்சி ஆத்துக்கு பக்கத்து ஊர்கள்ல அந்த வசதி பெரும்பாலும் இல்ல, நான்ஜிங் குளிர்ல ரூமுக்குள்ளயே ஜாக்கெட்டோட தான் படிக்கணும்.

தைவான் நல்ல இடம், தைப்பேல தேசிய தைவான் நார்மல் யுனிவர்சிட்டியோட மாண்டரின் (பொதுச் சீன மொழி) சென்டர் 1956-ல இருந்து நடக்குது, சின்ன சின்ன வகுப்பு, மூணு மாசத்துக்கு ஒரு பேட்ச். ஆனா அங்க பழைய எழுத்துமுறை, உங்க சப்ளையர் சீனால இருந்தா அவர் அனுப்பற கேட்டலாக், பில் எல்லாம் எளிமையாக்கின எழுத்து. மெஷின் எந்த நாட்டுல இருந்து வருதோ அங்க போங்க. தைவான்னா மொழி படிக்க அந்த அரசாங்கம் தர்ற ஹுவாயு ஸ்காலர்ஷிப் இருக்கு, சென்னைல இருக்கற தைப்பே பொருளாதார கலாசார மையத்துல விசாரிங்க. சீனாவுக்கு சீன மொழி ஆசிரியர் ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு, பேர்ல ஆசிரியர்னு இருந்தாலும் மொழி மட்டும் படிக்க ஒரு வருஷத்துக்கும் தருவாங்க, ஹெச்எஸ்கே மார்க் கேப்பாங்க. சீனால படிக்க 180 நாளுக்கு மேல தங்கினா எக்ஸ்1ங்கற மாணவர் விசா, இறங்கின 30 நாளுக்குள்ள குடியிருப்பு அனுமதி வாங்கியே ஆகணும்.

கேள்வி: மேடம், பொண்ணு பெய்ஜிங் போறா, சுத்த சைவம். சாப்பாடும், தினம் போன் பேசறதும் எப்படின்னு கவலையா இருக்கு. – ஒரு அம்மா, மதுரை

பதில்: உங்க கவலை நியாயம் தாம்மா. டோஃபு, கீரைன்னு பார்க்க சைவமா இருக்கறதுல கூட கொத்துக்கறி, பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க, அதனால காய்கறி வேணும்னு சொன்னா போதாது, கறி வேண்டாம், கறிக் குழம்பு வேண்டாம், கறிக் கொழுப்பு எண்ணெயும் வேண்டாம்னு தனித்தனியா சொல்ல பொண்ணுக்கு முதல்லயே பழக்கி விடுங்க. பெளத்த கோயில் பக்கத்துல சைவ ஹோட்டல் கிடைக்கும். ஹாஸ்டல்ல பொது கிச்சன் இருக்கான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேளுங்க. போன் தான் பெரிய தலைவலி, அங்க வாட்ஸ்அப் முடக்கம், அவங்க பயன்படுத்தற வீசாட் ஆப்பை இங்க 2020-லயே தடை பண்ணியாச்சு. இந்திய சிம்மை இன்டர்நேஷனல் ரோமிங்ல வச்சிருந்தா அதுல வாட்ஸ்அப் வரும், ரெண்டு பேர்கிட்டயும் ஐபோன் இருந்தா ஃபேஸ்டைம். கிளம்பறதுக்கு முன்னாடியே செட் பண்ணிடுங்க.

கேள்வி: மொழியோட கலாசாரமும்னு போடற கோர்ஸ்ல பேப்பர் வெட்டறது, தாய்ச்சி தவிர உருப்படியா என்ன இருக்கும்? எனக்கு வரலாறு பிடிக்கும். – ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அந்த மதிய வகுப்பையும் தள்ளிடாதீங்க தங்கச்சி, தூரிகை பிடிச்சு எழுதக் கத்துக்கிட்டா எழுத்தோட கோடு வரிசை கைல பதிஞ்சிடும். ஆனா வரலாறு பிடிச்ச உங்களுக்கு என் யோசனை ஃபூஜியான்ல இருக்கற சுவான்சௌ. அங்க 1281-ம் வருஷத்து தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு, நம்ம வணிகர்கள் சிவனுக்கு கோயில் எடுத்த ஊர், அங்க கைய்யுவான்னு ஒரு பெளத்த கோயில், அதோட பெரிய மண்டபத்துப் பின்பக்கத் தூண்ல கண்ணன் சிற்பம் இருக்கு. 2021-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல அந்த ஊர் சேர்ந்தது. ஹுவாச்சியாவ் யுனிவர்சிட்டி அங்க இருக்கு, ஆனா அவங்க வெளிநாட்டு மாணவர்களுக்கு மொழி சொல்லித் தர்ற கல்லூரி பக்கத்து ஊரான ஷியாமென்ல இருக்கு, எந்த வளாகத்துல வகுப்புன்னு கேட்டுக்கோங்க. சுவான்சௌ தெருவுல பேசறது ஹொக்கியன்ங்கற வட்டாரப் பேச்சு, அதனால மாண்டரின் கொஞ்சமாவது தெரிஞ்சிட்டு போங்க, ஹெச்எஸ்கே 3 அளவுக்காவது வந்துட்டா மியூசியத்துல நிறுத்தி கேள்வி கேக்கலாம்.