தலையாட்டுகிறார்கள், மறுநாள் விழிக்கிறார்கள்: என் பதில்

45 நிமிட வகுப்புக்கும் நிமிட வாரியாகப் பாடத் திட்டம் எழுதியும், ‘புரிந்ததா’ என்றால் பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டிவிட்டு மறுநாள் பின்னக் கூட்டலில் விழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் உழைப்பில் குறையில்லை, திட்டத்தைத் தொடங்கும் இடம்தான் மாற வேண்டும்.

நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்கு முன்னால், மணி அடிக்கும்போது பிள்ளை தனியாக எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று எழுதுங்கள். 1/2 + 1/3 என்று வையுங்கள். கடைசி 5 நிமிடத்தில் எல்லாரும் அதைத் துண்டுச் சீட்டில் போட்டுக் கொடுக்கட்டும். 2/5 என்று வந்த சீட்டுகளைத் தனியே அடுக்கினாலே, மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டியவர்கள் யார் என்று தெரிந்துவிடும், மறுநாள் முதல் 10 நிமிடம் அவர்களுக்குத்தான். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைவாக எப்படி வரும் என்று அவர்களையே கேளுங்கள், விதியைத் திரும்பச் சொல்லாதீர்கள்.

அப்புறம், ‘புரிந்ததா’ வேண்டவே வேண்டாம். கேள்வி கேட்டுவிட்டு 3 நொடியாவது பேசாமல் நில்லுங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் 1 நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். 3 நொடியானபோது பதில்கள் நீண்டன, பதிலே வராதது குறைந்தது. பதில் சொல்ல வேண்டிய பிள்ளையின் பெயரைக் கேள்விக்குப் பிறகு சொல்லுங்கள், முதலிலேயே சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இதற்கெல்லாம் நேரம் போய்ப் பாதித் திட்டம் மிஞ்சுகிறதா? சரி, வகுப்பில் போடும் 6 கணக்கை 3 ஆக்குங்கள்.