நீர்க்கட்டி இருந்தால் கரு தங்காதா?

கேள்வி: ஸ்கேனில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். அதை எடுத்தால்தான் கரு தங்குமா?

பதில்: எடுப்பதற்கு அங்கே கட்டியே இல்லை அம்மா. அந்தப் பெயர்தான் பெண்களை வீணாகப் பயமுறுத்துகிறது. மணிமணியாகத் தெரிபவை முட்டையைச் சுமக்கும் சிறு பைகள், பெரும்பாலும் 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கும். வழக்கமாக மாதம் ஒரு பை 20 மில்லிமீட்டரை ஒட்டி வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறில் அவை பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. உங்களிடம் முட்டைக்குப் பஞ்சமில்லை; அது வெளியே வருவதில்தான் தடை. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்று, ஸ்கேனை மட்டும் பார்த்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக் கூடாது. பீரியட்ஸ் தள்ளிப்போவது, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பீரியட்ஸைத் தள்ளிப்போட வைக்கக்கூடிய தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஓவுலேஷன் கிட்டில் பல நாள் தொடர்ந்து இரண்டு கோடு வருகிறது. எந்த நாளை நம்புவது?

பதில்: முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் உயரும் எல்எச் என்ற ஹார்மோனைத்தான் அந்தக் கிட் காட்டுகிறது. பிசிஓஎஸ் உள்ள பலருக்கு அது எப்போதுமே சற்று உயர்ந்திருக்கும். அதனால் கோட்டை வைத்து நாள் குறிக்க வேண்டாம். முட்டை வந்ததா என்பதை, அது வெளிவந்த பிறகு உயரும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை சொல்லும். 21-ஆம் நாள் எடுக்கச் சொல்வது 28 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வருபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். 40 நாளுக்கு ஒருமுறை வந்தால், அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பாக, 33-ஆம் நாள்தான் எடுக்க வேண்டும். 21-ஆம் நாளே எடுத்துவிட்டு, "முட்டையே வரலை டாக்டர்" என்று கண்ணீரோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கே பிடிபடாதவர்களுக்கு, முட்டை வளர்வதைத் தொடர்ந்து பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன் உதவும். மற்றபடி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும்.

கேள்வி: வயது 29. எட்டு மாதமாக முயற்சி செய்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ். ஒரு வருஷம் பொறுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: பொறுக்க வேண்டாம். அந்த ஒரு வருடக் கணக்கு, மாதாமாதம் ஒழுங்காக வருபவர்களுக்கு. உங்களுக்கு வருடத்துக்கு ஆறு வாய்ப்பு கிடைத்தாலே அதிகம். இப்போதே போங்கள்.

கேள்வி: முட்டை வெளிவர எனக்கு லெட்ரோசோல் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அது மார்பகப் புற்றுநோய் மாத்திரையாமே?

பதில்: அதற்காக வந்த மருந்துதான். ஈஸ்ட்ரோஜனைச் சில நாள் குறைக்கும். உடனே மூளை, முட்டையை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கச் செய்யும். நமக்கு வேண்டியது அதுதான். 2014-இல் வெளியான ஆய்வில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்கள் கலந்துகொண்டார்கள். லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இன்று முதலில் கொடுப்பது லெட்ரோசோல்தான். பீரியட்ஸ் தொடங்கியதும் ஐந்தே நாள் சாப்பிடுவது. கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும். தோழிக்கு எழுதிய சீட்டை வைத்து நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முட்டை வளரலாம், ஸ்கேன் கண்காணிப்பு வேண்டும்.

கேள்வி: என் எடை 80 கிலோ. 20 கிலோ குறைத்தால்தான் சிகிச்சையா?

பதில்: இல்லை. 4 கிலோ குறைந்தாலே சிலருக்கு முட்டை வரத் தொடங்கிவிடும். எடை குறைக்கும் ஊசி, முகப்பரு மாத்திரை எதையாவது எடுக்கிறீர்களா? கருத்தரிக்க முயலும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். சிலவற்றை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இன்றே தொடங்கலாம். உங்களுக்குக் கூடுதல் அளவு தேவையா என்றும் கேளுங்கள். சர்க்கரைப் பரிசோதனையையும் கர்ப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். பிசிஓஎஸ்ஸில் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: என் சிகிச்சை முடிந்த பிறகு கணவருக்கு டெஸ்ட் எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. உங்கள் முதல் மாத்திரைக்கு முன்பே அவருடைய விந்துப் பரிசோதனை கையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் மாத்திரை விழுங்கிய பிறகு, குறை அவரிடமும் இருந்தது என்று தெரிந்துகொண்ட தம்பதிகள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஆறு மாதமும் அந்தப் பெண் தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.