பத்மினியில் மும்பைக்குப் போகலாமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் தந்தை 1978இல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார் இன்றும் ஓடும் நிலையில் எங்களிடம் இருக்கிறது. இதுவரை ஊருக்குள் மட்டுமே ஓட்டிய அந்தக் காரில், அது தயாரான மும்பை குர்லாவரை குடும்பத்துடன் போய்வர ஆசை. பழைய எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்தால்தான் அவ்வளவு தூரம் தாங்கும் என்கிறார் எங்கள் மெக்கானிக். அவர் சொல்வது சரியா? – வாசகர், ஈரோடு

பதில்: எஞ்சினில் கை வைக்காதீர்கள். 1089 சிசி கொண்ட அந்தப் பெட்ரோல் எஞ்சின், கம்ப்ரெஷன் குறையாமலும் ஆயில் குடிக்காமலும் இருந்தால், மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் நாள் முழுவதும் சலிக்காமல் ஓடும். கனமான டீசல் எஞ்சினை ஏற்றினால் முன்பக்க ஸ்பிரிங்கும் ஸ்டீரிங்கும் பிரேக்கும் தங்களுக்கென்று கணக்கிடப்படாத பாரத்தைச் சுமக்க நேரும். மேலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெறாமல் எஞ்சினை மாற்றினால் பதிவுச் சான்றும் இன்சூரன்சும் சிக்கலுக்குள்ளாகும். அந்தப் பணத்தை பிரேக்குக்கும் ஒயரிங்குக்கும் செலவிடுங்கள்.

உங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். ஊருக்குள் அது போதும். ஆனால், மும்பையிலிருந்து திரும்பும்போது தர்மபுரியைத் தாண்டி தொப்பூர் கணவாயில் சேலத்தை நோக்கி இறங்குவீர்களே, ஐந்து பேரும் பெட்டிகளுமாக அந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, அதன் உட்புறம் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் பிடிப்பை இழந்துவிடும். பழைய பிரேக் ஆயில் இந்த ஆபத்தை இன்னும் பெரிதாக்கும். டாட் 4 என்ற தரத்திலான புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அப்படிக் கொதித்துக் குழாய்க்குள் ஆவி நிறைந்தால், பெடல் தரைவரை போகுமே தவிர வண்டி நிற்காது. எனவே நான்கு வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், லைனிங் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டு, ஆயிலை முழுவதும் மாற்றிவிடுங்கள். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே பாதையில் ஆயில் அனுப்பும் ஒற்றைச் சுற்றாக இருந்தால், எங்கே ஓர் இடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும் என்பதால், தேர்ந்த பிரேக் மெக்கானிக்கைக் கொண்டு அதை இரண்டு தனித்தனிப் பாதைகள் கொண்ட இரட்டைச் சுற்றாக மாற்றுவதுதான் இந்தக் காரில் நான் மனமாரப் பரிந்துரைக்கும் ஒரே பெரிய மாற்றம். இறக்கத்தில் எந்த கியரில் ஏறியிருப்பீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

அடுத்தது ஒயரிங். ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்று என்னிடம் ஒரு பழைய காரைக் கொண்டுவந்தார்கள். எஞ்சினை அணைத்து வைத்து அளந்தபோது பேட்டரியில் 12.4 வோல்ட், பல்பின் முனையில் வெறும் 10.1 வோல்ட். மீதி முழுவதும் டாஷ்போர்டு சுவிட்சிலும் பச்சை பூத்த இணைப்புகளிலும் வீணாகிக்கொண்டிருந்தது. 55 வாட் பல்பு இரண்டு சேர்ந்தால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தச் சுமையை முதிய சுவிட்சின் மேல் ஏற்றாமல், தனி ஃபியூசுடன் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்து பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுங்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யப் பழைய வகை டைனமோ இருந்தால், இரவில் வைப்பரும் விளக்கும் சேர்ந்து ஓடும்போது அது ஈடுகொடுக்காது, அதன் இடத்தில் புதிய வகையான ஆல்டர்னேட்டர் நல்லது.

டயரின் பட்டன் தேயவில்லை என்று பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2317 என்றிருந்தால் அது 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது, அவ்வளவு பழைய டயரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஃபேன் பெல்ட், இக்னிஷனுக்கான பாயின்ட், கண்டென்சர், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவற்றில் ஒவ்வொரு செட் டிக்கியில் இருக்கட்டும். போகும் வழி ஏறத்தாழ 1,200 கி.மீ.; அதை மூன்று பகல்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் 300 கி.மீ. ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள். இருக்கும் குறைகளில் பெரும்பாலானவை அன்றே தெரிந்துவிடும்.

கேள்வி: என் பெட்ரோல் அம்பாசிடர் நெடுஞ்சாலையில் நன்றாக ஓடுகிறது. மதிய வெயிலில் டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆவதில்லை; அரை மணி நேரம் ஆறினால் சரியாகிறது. ஏன்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: வண்டி நின்றதும் காற்றோட்டமும் நின்றுவிடுவதால், எஞ்சினின் வெப்பம் அதன்மேல் பொருத்தியிருக்கும் பெட்ரோல் பம்புக்கும் குழாய்க்கும் ஏறி, பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்பு ஆவியை உறிஞ்சுமே தவிரப் பெட்ரோலைத் தள்ளாது. பம்பின் மேல் ஈரத்துணி போடுவது அப்போதைக்குத்தான் உதவும். குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, வெப்பம் தாங்கும் உறை போட்டு, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு அடியில், வெப்பத்தை எளிதில் கடத்தாத தடித்த பேக்லைட் துண்டு வையுங்கள். எலெக்ட்ரிக் பம்பு வைப்பதானால் டேங்க் அருகில் வையுங்கள். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் கார்களின் பம்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது ஏறத்தாழ 3 பார் அழுத்தம் தரும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் ஊசி வால்வு அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும்.

ரப்பர் குழாயையும் மாற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள். வெளியே பளபளப்பாக இருந்த ஒரு பழைய குழாயை நான் நீளவாக்கில் பிளந்தபோது, உட்புறம் கறுப்புத் தோலாக உரிந்து விரலோடு வந்தது. அதன் துகள்கள் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் படிந்திருந்தன. எத்தனாலுக்கு ஏற்ற குழாய் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு விண்டேஜ் பதிவு வாங்கினால் நெடும்பயணம் போகலாமா? – வாசகர், புதுச்சேரி

பதில்: 50 ஆண்டுகள் கடந்த, அடிப்படை மாற்றங்கள் செய்யாத வண்டிகளுக்கு 2021ஆம் ஆண்டு விதிகள் ‘விஏ’ என்ற எழுத்துகளுடன் எண் தருகின்றன, கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லும். ஆனால், அந்த எண்ணுடன் கண்காட்சி, விண்டேஜ் பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். குடும்பத்துடன் ஊர் சுற்ற விரும்பும் நீங்கள் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து வாருங்கள்.