கருத்தரிக்கும்போது எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் சாப்பிட்டால் குழந்தைக்கு முதுகுத்தண்டில் குறை வருமா?

வரும் என்ற பயம் 2018-இல் கிளம்பியது. இன்று அதற்கு ஆதாரம் இல்லை. போட்ஸ்வானாவில் மகப்பேறு மருத்துவமனைகளில் நடந்த ட்செபாமோ ஆய்வில், இந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே கருத்தரித்தவர்களின் 426 பிரசவங்களில் 4 குழந்தைகளுக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு (மூளையோ முதுகுத்தண்டோ சரியாக உருவாகாத பிறவிக் குறை) இருந்தது. அதாவது 0.94%. மற்றவர்களிடம் ஏறக்குறைய 0.1% தான். பல நாடுகள் உடனே பெண்களுக்குக் கட்டுப்பாடு விதித்தன.

ஆனால் 4 என்பது மிகச் சிறிய எண். ஒன்றிரண்டு கூடினாலோ குறைந்தாலோ சதவீதம் தலைகீழாகிவிடும். எண்ணிக்கை பெருகியபோது அதுதான் நடந்தது: 2019-இல் 1683-க்கு 5 (0.30%), 2020-இல் 3591-க்கு 7 (0.19%). பின்னர் மற்றவர்கள் அளவுக்கே இறங்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019 ஜூலையிலேயே பெண்கள் உட்பட எல்லோருக்கும் இதை முதல் தேர்வாக்கியது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து: வைரஸ் பெருகி, குழந்தைக்குத் தொற்றக்கூடும்.

கர்ப்பிணிகள் கவனிக்கவேண்டியது வேறு. இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்துச் சாப்பிட்டால், அந்த உலோக அயனிகள் குடலில் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு குறையும். சாப்பாட்டோடு மூன்றையும் சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் டோலுடெக்ராவிரை அந்த மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடுங்கள். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமிலமுறி (நெஞ்செரிச்சல்) மருந்துக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, இடைவெளி கட்டாயம்.