ரத்தம் ஏற்றிக்கொண்டால், கொடுத்தவரின் செல்கள் நம் உடம்பில் எவ்வளவு நாள் இருக்கும்? அவருடைய டிஎன்ஏவும் குணமும் நமக்கு வந்துவிடுமா?

குணம் வராது. நம் டிஎன்ஏவும் மாறாது. கொடுத்தவரின் செல்கள் அநேகமாக நான்கு மாதத்துக்குள் போய்விடும். ஆனால் சிலருக்கு ஒரு துளி தங்கிவிடுவதும் உண்டு.

2014-இல் முதல் பிரசவத்தின்போது உதிரப்போக்கு நிற்காமல் எனக்கு நான்கு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அண்ணன் போட்டது போட்டபடி ஓடிவந்து ரத்தம் கொடுத்தார். "இனிமே உன் உடம்புல என் ரத்தமும் ஓடுது" என்று அவர் கண் கலங்கியதை மறக்க முடியாது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் ரத்த வங்கி அம்மாவிடம் நன்றி சொல்லப் போனபோது அவர் சொன்னார்: "உங்க அண்ணன் கொடுத்தது ஸ்டாக்குல சேர்ந்துரும்மா. உங்களுக்கு ஏத்துனது முன்னாடியே டெஸ்ட் பண்ணி வெச்சிருந்த வேற ஆளுங்க ரத்தம்." எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அது எவ்வளவு நல்லது என்பது பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது.

ஏற்றுகிற ரத்தத்தில் பெரும்பகுதி சிவப்பணுக்கள். அவற்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். பையில் இருக்கும் அணுக்களில் இளசும் இருக்கும், முதிர்ந்ததும் இருக்கும். அதனால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நான்காவது மாதத்தில் தீர்ந்துவிடும். சிவப்பணுவில் உட்கரு கிடையாது, ஆகவே டிஎன்ஏவும் கிடையாது. பிளேட்லெட் சில நாட்களே தாங்கும்.

டிஎன்ஏவோடு வருவது வெள்ளையணுதான். வடிகட்டாத ஒரு பை ரத்தத்தில் நூறு கோடி அளவுக்கு இருக்கும். வடிகட்டினாலும் சில லட்சங்கள் மிஞ்சலாம். நம் உடம்பு அவற்றை அந்நியமென்று கண்டுபிடித்து அழித்துவிடும். திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்காக ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களைப் பார்த்ததில், மூன்றாவது ஐந்தாவது நாள் வாக்கில் அவை சற்றுப் பெருகி, இரண்டு வாரத்தில் மறைந்துவிட்டன.

விபத்தில் பலத்த காயம்பட்டு நிறைய ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் கதை வேறு. ஆண்களின் ரத்தம் ஏற்றப்பட்ட பெண்களிடம், ஆண்களின் செல்லில் மட்டுமே இருக்கும் ஒய் குரோமோசோமைத் தேடிய ஓர் அமெரிக்க ஆய்வு 1999-இல் வெளியானது. ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் கழித்தும் கொடுத்தவரின் வெள்ளையணுக்கள் பலரிடம் இருந்தன. இதை மைக்ரோகைமரிசம் என்கிறார்கள். பெருங்காயத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்துபோவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. (ஆண் பிள்ளை பெற்ற தாயின் ரத்தத்தில் அந்தப் பிள்ளையின் செல்களே 27 வருடம் கழித்தும் இருந்ததை 1996-இல் கண்டுபிடித்தார்கள். அதனால் ஒய் குரோமோசோமை மட்டும் வைத்து, வந்தது யாருடைய செல் என்று முடிவுகட்டிவிட முடியாது.) அப்படித் தங்கினாலும் நம் உடம்பு நம்முடையதுதான்.

சரி, அண்ணன் ரத்தம் ஏன் வேண்டாம்? நெருங்கிய உறவினரின் வெள்ளையணு சில சமயம் நம்முடையதைப் போலவே இருப்பதால் உடம்பு அதைத் தடுக்காமல் விட்டுவிடும். ஆனால் அந்த அணு நம்மை அந்நியமாகப் பார்த்துத் தாக்கத் தொடங்கும். காய்ச்சல், தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு என்று ஆரம்பித்து எலும்பு மஜ்ஜையே செயலிழந்துபோகும். மிக அரிதுதான், ஆனால் வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள். ரத்தப் பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் வெள்ளையணுக்கள் பெருக முடியாது, இந்த ஆபத்தும் வராது. தயவுசெய்து, "சொந்தக்காரர் ரத்தம்தான் வேணும்" என்று ரத்த வங்கியில் அடம்பிடிக்காதீர்கள். வேறு வழியில்லாமல் உறவினர் ரத்தமே ஏற்றுவதானால், கதிர்வீச்சு கொடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

செல்கள் போனாலும் ஒன்று தங்குகிறது: இரும்பு. ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கும். மண்ணீரலிலும் கல்லீரலிலும் பழைய சிவப்பணு உடைந்ததும் அதிலிருக்கும் இரும்பை உடம்பு எடுத்துப் புதுச் சிவப்பணு செய்யும். மிச்சத்தை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயால் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளுக்கு அது இதயத்திலும் கல்லீரலிலும் படிந்துவிடுவதால் இரும்பை நீக்கத் தனி மருந்தே கொடுக்கிறார்கள்.

என்னைப் போல ஒருமுறை ஏற்றிக்கொண்டவர்களுக்கு அது வரம். 2017-இல் என் மகன் பிறந்தான். ஒரு கர்ப்பத்தில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் இரும்பு தாயிடமிருந்து குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகிறது. பெயர் தெரியாத அந்த நான்கு பேர் தந்ததில் கொஞ்சமாவது அவனுக்குள் இருக்கும் என்றே நம்புகிறேன். அண்ணனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நான் கொடுத்தது எந்த வீட்டுப் பிள்ளைக்குப் போச்சோ" என்றார்.