வயிற்றுக் குழந்தைக்குக் கிட்னி வீக்கமாம்... என்ன செய்வது?

கேள்வி: என் வயது 27. முதல் பிரசவம். 22-வது வார ஸ்கேனில் குழந்தையின் இடது கிட்னி வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் ‘இடது ரீனல் பெல்விஸ் ஏ.பி. 8 மி.மீ., வலது 3 மி.மீ., சிறுநீர்ப்பை நார்மல், ஏ.எஃப்.ஐ. 14, மற்ற உறுப்புகள் நார்மல்’ என்று இருக்கிறது. ஆறு வாரம் கழித்து வரச் சொன்னதோடு சரி, வேறெதுவும் விளக்கவில்லை. நான் தண்ணீர் சரியாகக் குடிக்காததுதான் காரணம் என்கிறார் மாமியார். கலைத்துவிடலாமே என்கிறார் உறவினர் ஒருவர். சிசேரியன் செய்ய வேண்டியிருக்குமா? பிறந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கலைப்பது பற்றிய பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு கிட்னி நன்றாக இருக்கிறது, பனிக்குட நீர் போதுமான அளவு இருக்கிறது, மற்ற உறுப்புகளில் குறையில்லை. இந்த நிலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாமியாரிடமும் சொல்லிவிடுங்கள், நீங்கள் தண்ணீர் குடித்ததற்கும் குடிக்காததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பார்லித் தண்ணீரும் இளநீரும் உங்கள் தாகத்துக்கு நல்லவை. குழந்தையின் கிட்னி வீக்கத்தை அவை குறைக்காது.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். கிட்னியில் உருவாகும் சிறுநீர் முதலில் பெல்விஸ் என்ற புனல் போன்ற பகுதியில் சேர்ந்து, அங்கிருந்து சிறுநீர்க் குழாய் வழியாகப் பைக்கு இறங்குகிறது. அந்தப் பெல்விஸின் முன்பின் அகலம்தான் உங்கள் 8 மி.மீ. இந்த எண்ணை வாரத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன்பு 4 மி.மீ.க்குக் கீழே இருந்தால் நார்மல், 4 முதல் 7-க்குள் லேசான வீக்கம், 7-ம் அதற்கு மேலும் கவனித்து வர வேண்டியது. 28 வாரம் ஆனபின் அளவுகோல் மாறிவிடும்: 7-க்குக் கீழே நார்மல், 7 முதல் 10-க்குள் லேசானது, 10-ம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டியது. எனவே அடுத்த ஸ்கேனிலும் அதே 8 மி.மீ. வந்தால் ‘குறையவே இல்லையே’ என்று அழ வேண்டாம். உண்மையில் அது முன்னேற்றம். வயிற்றுக்குள் குழந்தை சிறுநீர் கழிப்பதற்கு முன்னும் பின்னுமே இந்த அளவு மாறும் என்பதால், 1 மி.மீ. கூடியது குறைந்தது என்று கணக்குப் போடுவதில் பயனில்லை.

ரிப்போர்ட்டில் எனக்கு அதிகம் நிம்மதி தருவது ஏ.எஃப்.ஐ. 14, அதாவது பனிக்குட நீரின் அளவு. கர்ப்பத்தின் இரண்டாம் பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். நீர் போதிய அளவு இருப்பதால் சிறுநீர் உருவாகி வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். நுரையீரல் வளர்வதற்கும் இந்த நீர் தேவை. உண்மையில் கவலைப்பட வேண்டிய படம் வேறு: இரண்டு கிட்னியும் வீங்கி, சிறுநீர்ப்பை பெருத்து அதன் சுவர் தடித்து, நீரும் குறைந்துகொண்டே வருவது. ஆண் குழந்தைகளுக்குப் பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் பாதையில் சவ்வு அடைப்பு இருந்தால் இப்படி ஆகும். அதற்காக ஸ்கேன் டாக்டரிடம் ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி அவர் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் பையைப் பார்த்தே அவர் உங்களைக் கரு மருத்துவ நிபுணரிடம் அனுப்பிவிடுவார்.

அடுத்த ஸ்கேனில் இரண்டு பக்க அளவோடு, கிட்னியின் சதைப்பகுதி மெலிந்திருக்கிறதா, சிறுநீர்க் குழாய் விரிந்து தெரிகிறதா, பையின் சுவர் எப்படி, நீர் எவ்வளவு என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறந்தபின் பார்க்கப்போகும் டாக்டருக்கு ‘மைல்டு ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ (லேசான கிட்னி வீக்கம்) என்ற ஒற்றை வரியால் உதவியில்லை.

ஒரு பக்க வீக்கத்துக்காக சிசேரியன் தேவையில்லை. முன்கூட்டியே பிரசவிக்க வைக்கவும் வேண்டாம்.

பெரும்பாலான வீட்டில் தவறு நடப்பது பிறந்த பிறகுதான். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, சிறுநீர் போகிறது, ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று ஸ்கேனை விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் அடைப்பு இருந்தாலும் மறு கிட்னி வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. முதல் ஸ்கேனைப் பிறந்த அன்றே எடுத்துவிடுவது இன்னொரு தவறு. முதல் இரண்டு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகத்தான் சுரக்கும். அப்போது எடுத்தால் வீக்கம் இருந்தாலும் சின்னதாகத் தெரியும், நார்மல் என்றுகூட வந்துவிடும். 48 மணி நேரம் கழிந்து, முதல் வாரத்துக்குள் எடுங்கள். இரண்டு கிட்னியும் மோசமாக வீங்கியிருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே எடுப்பார்கள்.

அந்த ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் 4 முதல் 6 வாரத்துக்குள் இரண்டாவது ஸ்கேன் கட்டாயம். இதுதான் அதிகம் விட்டுப்போவது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும், ஃபைல் புகுந்த வீட்டில் கிடக்கும், குழந்தையை வெளியே எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் போகத்தானே வேண்டும்? அன்றே ஸ்கேனையும் முடித்துவிடுங்கள். கர்ப்பகால ரிப்போர்ட்டுகளின் நகலை இப்போதே உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தபின் 10 மி.மீ.க்குக் கீழே இருந்து வேறு குறையும் இல்லையென்றால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். அவ்வப்போது ஸ்கேன் போதும். வீக்கம் அதிகமாக இருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு ரீனோகிராம் எடுப்பார்கள். மிகக் குறைந்த கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு, சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கொடுத்து, எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது, மருந்து தேங்குகிறதா என்று பார்க்கும் சோதனை அது. வீங்கிய கிட்னியின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, அடுத்தடுத்த சோதனையில் இறங்கினாலோ, வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். பெல்விஸும் சிறுநீர்க் குழாயும் சேரும் இடத்தில் குறுகியிருக்கும் இணைப்பை வெட்டியெடுத்து மறுபடி தைக்கும் இந்தப் பைலோபிளாஸ்டி பெரும்பாலும் நல்ல பலன் தரும். சிறுநீர்ப்பையில் ட்யூப் போட்டு எடுக்கும் எம்.சி.யு. எக்ஸ்ரே எல்லாருக்கும் வேண்டியதில்லை. குழாய் விரிந்திருந்தாலோ, இரண்டு பக்கமும் வீக்கம் இருந்தாலோ, பையில் கோளாறு தெரிந்தாலோ எடுப்பார்கள்.

குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். கிட்னியைக் கழுவும் என்று தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ ஊட்ட வேண்டாம், உரை மருந்தும் வேண்டாம். கிருமித்தொற்றைத் தடுக்கத் தினம் ஒரு வேளை ஆன்டிபயாடிக் சில குழந்தைகளுக்கு எழுதுவார்கள். டாக்டர் எழுதாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காய்ச்சல் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலில்லாமல் பால் மறுத்தாலும், தொடர்ந்து வாந்தி எடுத்தாலும் அப்படித்தான். போனதும், கர்ப்பத்திலேயே கிட்னி வீக்கம் இருந்தது என்று முதலில் சொல்லுங்கள். இல்லையென்றால் சளியா, தொண்டையா என்றுதான் பார்ப்பார்கள். ஆன்டிபயாடிக் ஊசி போடும் முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டும் பிளாஸ்டிக் பையில் பிடித்த சிறுநீரில் தோலில் உள்ள கிருமியும் கலந்துவிடும் என்பதால், மெல்லிய ட்யூப் வைத்து எடுத்த சிறுநீரே கல்ச்சருக்கு நம்பகமானது.